மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் நடப்பவை

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எல்லாருமே மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் இருக்கிறோம். விண்ணப்பம் போட வேண்டாம், மருத்துவப் பரிசோதனை வேண்டாம், வயது வரம்பும் கிடையாது. 2015 நவம்பர் 1 முதல் இதுதான் நடைமுறை. அப்படியிருந்தும் எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் போகிறார்கள். ஒரே காப்புறுதி, ஒரே மருத்துவமனை, ஒரே பேட்டை. ஆனால் ஒருவர் பிழைத்து வீட்டுக்கு வருகிறார், இன்னொருவருக்குக் காலை வெட்டி எடுக்கவேண்டி வருகிறது. இந்த வித்தியாசம் எங்கே உருவாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு சில ஆண்டுகளாக எனக்குக் கிடைத்தது. என் தாய்மாமா, எங்கள் எதிர்வீட்டு அக்கா, என் கணவரின் அக்கா மகன் ஆகிய மூன்று பேர் மூலம் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது உதவினால் மகிழ்ச்சி.

மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1952இல் பிறந்தவர், அதனால் மெர்டேக்கா தலைமுறை, அதாவது 1950களில் பிறந்து அரசின் கூடுதல் சலுகை பெறுபவர். 2009இல் ஒருமுறை லேசான மாரடைப்பு வந்தது. அப்போது இருந்தது 1990இல் தொடங்கிய பழைய மெடிஷீல்டு. அதில் சேர்வது கட்டாயமில்லை. ஏற்கெனவே நோய் இருந்தால் அந்த நோய்க்கு ஈடு கிடைக்காது. மாமா இடையில் சந்தா கட்டாமல் விட்டிருந்தார். மாரடைப்புக்குப் பிறகு சேர்ந்தாலும் இதயத்துக்கு மட்டும் ஒன்றும் தரமாட்டோம் என்ற நிலை. யாருக்குக் காப்புறுதி மிகவும் தேவையோ அவரையே வெளியே நிறுத்தி வைத்திருந்த ஏற்பாடு அது.

2015இல் இந்தக் கதவு திறந்தது. கடுமையான நோய் ஏற்கெனவே இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூடுதலும் அவர்கள் கொண்டுவரும் செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுகட்டும். மீதியை அரசும் மற்ற எல்லாருமாகச் சேர்ந்து சுமக்கிறோம். "எல்லாருக்கும் கட்டாயம்" என்றால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் இளையவர் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். மாமாவைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேறு வழியே இல்லை. நோயாளிகள் மட்டும் சேரும் காப்புறுதி சில ஆண்டுகளில் சந்தா ஏறி ஏறிக் கவிழ்ந்துவிடும்.

2023 கடைசியில் மாமாவுக்குப் பைபாஸ் அறுவை நடந்தது. சி வகுப்பு வார்டு, மானியம் அதிகம் கிடைக்கும் வகை. வீட்டுக்கு வந்த பில்லை மேசைமேல் விரித்து வைத்து அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். மேலே மொத்தத் தொகை, 28,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். அடுத்த வரியில் அரசு மானியம். அது கழிந்ததும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே மெடிஷீல்டு லைஃப் ஏழாயிரம் வெள்ளியளவு கொடுத்திருந்தது. மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் அவருடைய மெடிசேவிலிருந்து, அதாவது சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று சேர்த்த கணக்கிலிருந்து, போயிருந்தது. கடைசி வரி, ரொக்கமாகக் கட்டவேண்டியது: சுழியம். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப நான் ஒண்ணும் கட்ட வேணாமா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

அந்த இரண்டாயிரம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. மானியம் போன பிறகு வரும் தொகையில் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும். கவுண்டரில் அதை டிடக்டிபிள் என்பார்கள். சி வகுப்பில், 80 வயதுக்கு உட்பட்டவருக்கு, அப்போது அது 1,500 வெள்ளி. அதற்கு மேல் உள்ளதில் 10 விழுக்காட்டில் தொடங்கி, கட்டணம் ஏற ஏற 3 விழுக்காடு வரை குறைந்துகொண்டு வரும் ஒரு சிறு பங்கு நம்முடையது. இரண்டையும் மெடிசேவிலிருந்து எடுக்கலாம். நம் மெடிசேவில் பணம் போதவில்லையென்றால் பிள்ளைகள், கணவர், மனைவி தங்கள் மெடிசேவிலிருந்து கட்டலாம். காப்புறுதிக்கு நாம் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, மருத்துவமனையே அனுப்பிவிடும். இதெல்லாம் போதாமல் நிற்கும் குடிமக்களுக்கு மெடிஃபண்ட் இருக்கிறது. 1993இல் 20 கோடி வெள்ளியுடன் தொடங்கிய அறநிதி அது.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மெடிஷீல்டு லைஃப் கொடுக்கும் வரம்புகள் எல்லாம் பி2, சி ஆகிய மானிய வகுப்பு வார்டுகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. தனியார் நிறுவனத்தின் கூடுதல் காப்புறுதி எதுவும் இல்லாமல் ஏ வகுப்பிலோ தனியார் மருத்துவமனையிலோ போய்ப் படுத்தால் மானியமும் கிடையாது, மெடிஷீல்டும் பில்லின் ஒரு பகுதியைத்தான் கணக்கில் எடுக்கும். அவசர நேரத்தில் பதற்றத்தோடு வரும் பிள்ளைகள், "அப்பாவுக்கு நல்ல ரூம் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அறுவை செய்யும் திறமையோ மருந்தின் தரமோ வார்டு வகுப்பால் மாறுவதில்லை. மின்விசிறியும் பக்கத்துப் படுக்கைகளின் எண்ணிக்கையும்தான் மாறும். மானிய வார்டில் மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, அது உண்மை. அந்த ஒன்றுக்காக எத்தனை ஆயிரம் கொடுக்கலாம் என்று அமைதியான ஒரு நாளில் குடும்பமாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் நின்றுகொண்டு முடிவு செய்ய வேண்டாம்.

சரி, மாமாவைப் பிழைக்க வைத்தது காப்புறுதியா? வீட்டை விற்காமல், பிள்ளைகள் கடன் வாங்காமல் காப்பாற்றியது காப்புறுதிதான், அதில் சந்தேகமில்லை. உயிரைக் காத்ததில் அதற்கு முந்தைய ஒரு படிக்குப் பெரிய பங்கு உண்டு. 2009க்குப் பிறகு மாமா அரசின் பலதுறை மருந்தகத்துக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். அங்கே வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர், "படி ஏறினா நெஞ்சு கொஞ்சம் இறுக்குது" என்று போகிறபோக்கில் சொன்னதை அந்த மருத்துவர் விடவில்லை. அன்றே ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். பில் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

காப்புறுதி உயிரைக் காக்கிறதா என்ற கேள்வி எனக்கு அப்போதிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். விடை ஒரே மாதிரி வரவில்லை. அதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008இல் ஏழைகளுக்கான மருத்துவக் காப்புறுதியில் கொஞ்சம் இடம்தான் இருந்தது. குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவால் குடும்பம் நொடித்துப்போவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது, மனச்சோர்வு குறைந்தது, நீரிழிவு இருப்பதே தெரியாதவர்களில் நிறையப் பேருக்கு அது தெரியவந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் ரத்த அழுத்தமோ சர்க்கரை அளவோ சொல்லும்படியாகக் குறையவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் காப்புறுதி கொடுத்தது. அங்கே வேலை செய்யும் வயதினரின் இறப்பு, அதையொத்த மற்ற இடங்களோடு ஒப்பிட 2.9 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வந்த ஆய்வு சொன்னது. தைவான் 1995இல் தேசியக் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது, முன்பு ஆரோக்கியத்தில் பின்தங்கியிருந்த பகுதிகளில் ஆயுள் அதிகமாகக் கூடி இடைவெளி கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அங்குள்ள முதியோரை மட்டும் பார்த்த வேறோர் ஆய்வில், மருத்துவரிடம் போவது கூடியதே தவிர இறப்பில் மாற்றம் தெரியவில்லை. தாய்லாந்தில் 2001இல் வந்த 30 பாட் திட்டத்துக்குப் பிறகு ஏழை மாநிலங்களில் குழந்தை இறப்பு குறைந்தது.

இவற்றை வரிசையாகப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். காப்புறுதி பணத்தைக் காப்பது உடனே நடக்கிறது, எல்லாருக்கும் நடக்கிறது. உயிரைக் காப்பது அப்படியில்லை. சீக்கிரம் போனால் தீர்ந்துவிடக்கூடிய நோய் யாருக்கு இருக்கிறதோ, இதுவரை போக முடியாமல் இருந்தவர்கள் யாரோ, அவர்களிடம்தான் அது நடக்கிறது. சிங்கப்பூரில் 2015இன் மாற்றம் இறப்பை எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பழைய மெடிஷீல்டில் இருந்தார்கள், அதற்கும் முன்பே மானிய வார்டும் 1984 முதல் மெடிசேவும் இருந்தன. புதிதாக உள்ளே வந்தவர்கள் முதியவர்களும் நோயாளிகளும்தான்.

இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் வருகிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உணவங்காடி ஒன்றில் மேசை துடைக்கும் வேலை, மணிக்கணக்குச் சம்பளம். நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறையில் மருந்துப் பையைப் பார்த்தேன். வெள்ளை ஒட்டுத்தாளில் அவர் பெயர், மருந்து கொடுத்த தேதி மார்ச் மாதம், மூன்று மாதத்துக்கான அளவு. நான் பார்த்தது ஆகஸ்ட். பையில் இன்னும் பாதி அட்டைகள் இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கத்தியால் வெட்டிய அரை மாத்திரைகள். "என்னக்கா இது?" என்றேன். "காலைல அரை, ராத்திரி அரை போட்டா ரெண்டு மாசம் கூட வரும்ல. மறுபடி போகணும்னா அரை நாள் சம்பளம் போயிரும்மா" என்றார்.

இந்த அக்காவுக்கு மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது. முன்பு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி வரை தந்த திட்டம், 2025 ஏப்ரலிலிருந்து அது 2 லட்சம். சிறுநீரகம் போனால் டயாலிசிசுக்கும் தரும். ஆனால் அந்த நாள் வராமல் தடுக்கும் மாத்திரைக்கும் அவருக்கும் நடுவில் நின்றது அரை நாள் கூலி. மருத்துவமனைக்கு உள்ளே ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பெருமளவு மூடிவிட்டோம். வெளியே, புளோக்கின் அடித்தளத்திலும் உணவங்காடியிலும் அது அப்படியே இருக்கிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது. பெரிய தொகைக்குப் பயந்து ஏற்பாடு செய்த நாம் சின்னத் தொகையைக் கவனிக்கவில்லை.

சின்னத் தொகை ஆளைத் தடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1970களில் அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனம் நடத்திய பெரிய சோதனையில், கட்டணத்தில் ஒரு பங்கை மக்களே போட வேண்டும் என்று வைத்தபோது தேவையில்லாத சிகிச்சை மட்டும் குறையவில்லை, தேவையான சிகிச்சையும் சேர்ந்தே குறைந்தது. சராசரி ஆளுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தபோதுதான் நிலைமை தேறியது. எதிர்வீட்டு அக்கா அந்த வரியில் வரும் ஆள்.

அவருக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன், இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருக்கலாம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு வசதியான ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம், முதல் ஆலோசனை இலவசம். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் தனியார் மருந்தகம் ஒன்று அதில் இருந்தது. அங்கே பதிந்தோம். வேலை முடிந்து வந்த பிறகு போகலாம், கூலி போகாது. தனியார் மருந்தகத்திலும் மானியம் தரும் சாஸ் அட்டையையும் புதுப்பித்தோம். நாட்பட்ட நோய்க்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி எடுக்கலாம், அக்காவைப் போல் இரண்டு நோய் இருந்தால் 700 வெள்ளி. முன்பு அப்படி எடுக்கும்போது 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். பதிந்துகொண்ட மருந்தகத்தில் அந்த 15 விழுக்காடு இப்போது வேண்டாம். ஒவ்வொரு முறையும் பர்சைத் திறக்கவேண்டிய அந்தச் சில வெள்ளிதான் அவருக்குச் சுமை. அது போனதும் மாத்திரையை வெட்டுவது நின்றது. தனியார் மருந்தகம் என்றாலே மருந்து விலை கூடுதல் என்ற பயமும் சாஸ், முன்னோடி, மெர்டேக்கா அட்டை உள்ளவர்களுக்கு இப்போது பெரிய அளவில் இல்லை. நாட்பட்ட நோய் மருந்துகளுக்குத் தனி மானியம் வந்துவிட்டது.

பதிந்த கையோடு கண்ணையும் காலையும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார்கள். கண்ணில் ஆரம்ப நிலைப் பாதிப்பு தெரிந்தது. இன்னும் பார்வை போகவில்லை. சர்க்கரையை அடக்கினால் அப்படியே நிறுத்திவைக்கலாம் என்கிறார்கள்.

இதை நம் சமூகம் தனியாகக் கவனிக்க வேண்டும். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர்ப் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனர்களில் 9.7, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. நாம்தான் முதலிடம். நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016இல் சுகாதார அமைச்சு அறிவித்ததே இந்த எண்களைப் பார்த்துத்தான். புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் மூன்றில் இருவருக்குக் காரணம் நீரிழிவு. காப்புறுதி எல்லா இனத்துக்கும் ஒன்றுதான், நோய் ஒன்றாக இல்லை. தேக்காவில் புரோட்டா சாப்பிடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பதைத் தாண்டிய யாரும் எச்பிஏ1சி எண், அதாவது கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, என்னவென்று தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். ஹெல்தியர் எஸ்ஜியில் பதிந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் இலவசம்.

ஆனால் அதற்கான அழைப்பைப் படிக்க வேண்டுமே. அக்கா வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அரசாங்க முத்திரை போட்ட உறை எது வந்தாலும் பிரிக்காமலோ பாதி பிரித்தோ அதற்குள் போய்விடும். "இங்கிலீசு, எனக்குப் புரியாது. பில்லா இருந்தா திரும்ப அனுப்புவாங்க" என்பார். குறுஞ்செய்தி வந்தாலோ மோசடியாக இருக்கும் என்று அழித்துவிடுவார். அதையும் குறைசொல்ல முடியாது, அத்தனை மோசடி நடக்கிறது. பரிசோதனை அழைப்பு ஒன்றும் சாஸ் அட்டை காலாவதியாகப் போகிறது என்ற கடிதம் ஒன்றும் அந்த டின்னில் கிடந்தன.

கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. அமெரிக்க வரித்துறை, காப்புறுதி எடுக்காமல் அபராதம் கட்டியவர்களில் 39 லட்சம் பேருக்கு, எப்படிச் சேரலாம் என்று விளக்கிக் கடிதம் போட்டது. எல்லாருக்கும் போடப் பணம் போதாததால் சிலரைக் குலுக்கல் முறையில் விட்டுவிட்டார்கள். பிறகு பார்த்தால், கடிதம் பெற்ற 45 முதல் 64 வயதுக்காரர்களில், கடிதம் பெறாதவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. ஏறக்குறைய 1,650 கடிதத்துக்கு ஓர் உயிர். வெறும் கடிதம்! நமக்குச் சேருவதற்குக் கடிதம் தேவையில்லை, பிறந்ததும் சேர்ந்துவிடுகிறோம். ஆனால் பரிசோதனைக்குக் கூப்பிடும் கடிதம் நமக்கு அதே வேலையைச் செய்யக்கூடியது. உங்கள் புளோக்கில் ஆங்கிலம் படிக்காத பெரியவர் ஒருவர் இருந்தால் அவர் வீட்டு உறைகளைப் பிரித்துத் தமிழில் சொல்லுங்கள். அரசின் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பைத் திறந்து அடுத்த சந்திப்பு எப்போது என்று பார்த்து நாள்காட்டியில் பேனாவால் எழுதி வையுங்கள். அவர்களுடைய சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளம்) கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலிலிருந்து மூன்று கட்டமாக மெடிஷீல்டு லைஃப் சந்தா சராசரியாக 35 விழுக்காடு ஏறுகிறது. பயந்துபோய் நிறையப் பேர் கேட்டார்கள். சந்தாவை முழுக்க மெடிசேவிலிருந்தே கட்டலாம், குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு மானியம் உண்டு. கட்ட முடியாததால் யாருக்கும் காப்புறுதி போகாது. பயப்படவேண்டியது அதற்கு மேல் தனியார் நிறுவனங்களிடம் வாங்கும் கூடுதல் திட்டங்களைப் பற்றித்தான். வயது ஏற ஏற அவற்றின் சந்தா பாய்ந்து ஏறும். கூடுதல் பகுதிக்கு மெடிசேவிலிருந்து 40 வயது வரை ஆண்டுக்கு 300, 70 வரை 600, அதற்கு மேல் 900 வெள்ளிதான் எடுக்கலாம், மீதி ரொக்கம். முப்பது வயதில் விற்பவர் காட்டும் அட்டவணையில் எழுபத்தைந்து வயதுக்கான வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாமாவின் நண்பர் ஒருவர் எழுபது வயதில் கட்ட முடியாமல் விட்டுவிட்டு, காப்புறுதியே போய்விட்டது என்று அழுதார். போகவில்லை. கூடுதல்தான் போனது, மெடிஷீல்டு அடியில் அப்படியே இருந்தது.

தனியார் நிபுணரிடம் நேரே போகாமல், பலதுறை மருந்தகத்திலோ சாஸ் மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால்தான் மானியம். காத்திருக்க வேண்டும், உண்மைதான். வலி கூடினால் அதே மருந்தகத்துக்குத் திரும்பிப் போய்ச் சொன்னால் முன்னுக்குத் தள்ளுவார்கள். வார்டில் இருக்கும்போதே, செலவுக்கு வழி சொல்லும் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். வீடு திரும்பிய பிறகு பில்லோடு அலைவதைவிட அது பல மடங்கு எளிது.

மூன்றாமவர் கணவரின் அக்கா மகன். புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமானத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறார், தங்கும் விடுதியில் வாசம். இதுவரை சொன்ன எதுவும் அவருக்குக் கிடையாது. மெடிஷீல்டு இல்லை, மெடிசேவ் இல்லை, மானியம் இல்லை. "எல்லாருக்கும்" என்று நாம் சொல்லும்போது அந்த எல்லாரில் அவர் வரமாட்டார். அவருக்கு இருப்பது முதலாளி கட்டாயமாக வாங்கவேண்டிய காப்புறுதி. முன்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளி வரைதான். மானியமில்லாத கட்டணத்தில் ஒரு பெரிய அறுவையே அதைத் தாண்டிவிடும். 2023 ஜூலை 1 முதல் குறைந்தது 60,000 வெள்ளி என்று உயர்த்தினார்கள். 15,000க்கு மேல் போகும் தொகையில் கால் பங்கை முதலாளி ஏற்க வேண்டும்.

அவருக்கு வயிற்றுவலி வந்தது. பனடால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மருத்துவ விடுப்பு எடுத்தால் ஓவர்டைம் போகும், மேற்பார்வையாளர் முகம் மாறும் என்று பயம். குடல்வால் வெடித்த பிறகு ஆம்புலன்சில் போனார். நான் போய்ப் பார்த்தபோது வயிற்றில் வடிகுழாயோடு படுத்திருந்தவர், "அத்தை, பில்லு எவ்வளவு வரும்? ஊருக்கு அனுப்பிருவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பில்லைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. ஆனால் முதல் நாளே போயிருந்தால் சின்ன அறுவையோடு முடிந்திருக்கும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அவருக்குப் பக்கத்திலேயே வழி இருந்தது. 2022 ஏப்ரல் முதல், விடுதிகளில் தங்கும் ஊழியர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) ஊழியர்களுக்கும் ஆரம்பநிலைப் பராமரிப்புத் திட்டத்தை முதலாளி வாங்கியாக வேண்டும். அதற்குரிய மருத்துவ மையத்துக்குப் போனால் ஊழியர் கட்டுவது 5 வெள்ளி, தொலைபேசி வழியாக மருத்துவரிடம் பேசினால் 2 வெள்ளி. இது அவருக்குத் தெரியவே தெரியாது. அறைத் தோழர்களுக்கும் தெரியவில்லை. உங்களுக்கு வேலை அனுமதிச் சீட்டில் உறவினர் இருந்தால், அவருடைய விடுதிக்குரிய மருத்துவ மையம் எது, காப்புறுதி நிறுவனத்தின் பெயர் என்ன, பாலிசி எண் என்ன என்ற மூன்றையும் இன்றே கேட்டு அவர் கைப்பேசியில் படமாக வைக்கச் சொல்லுங்கள். வேலையிடத்தில் அடிபட்டால் அது வேறு கணக்கு, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தேறி வந்த பிறகு, விடுதி மையத்தில் ரத்தமும் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொரு வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஊரில் அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். போன வாரம் பேசும்போது, "எனக்கு மாத்திரை வீட்டுக்கு வருது, அவன் ஒழுங்காப் போய்ப் பாக்குறானான்னு மட்டும் நீ பாத்துக்க" என்றார் என்னிடம். மகனுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில். தேதியை அவர் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் போட்டு வைத்திருக்கிறோம்.